வாய் திறவாத வியாதி

இரண்டு காதுகளுக்கும் சற்று முன்னால் ஆள்காட்டி விரல்களை வைத்துக்கொண்டு, வாயை மெல்லத் திறந்து மூடிப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவர்கள் உங்களைப் பற்றி என்ன நினைப்பார்களோ என்று கவலைப்பட வேண்டாம். விரலுக்கு அடியில் ஏதோ ஒன்று உருண்டு முன்னால் வந்து, மறுபடியும் பின்னால் போய்ப் பதுங்கிக்கொள்கிறது அல்லவா? அதுதான் தாடை மூட்டு.

முழங்கால் மூட்டைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து எழுந்திருக்கும்போது அதைப் பற்றித்தான் பேச்சு. ஆனால் இந்தத் தாடை மூட்டு என்று ஒன்று இருப்பதே, அது வலிக்க ஆரம்பிக்கிற வரையில் ஒருவருக்கும் தெரியாது. வலிக்க ஆரம்பித்த பிறகும் பலருக்குத் தெரிவதில்லை. 'காது குத்துகிறது' என்பார்கள். 'கடைவாய்ப் பல் தெறிக்கிறது' என்பார்கள். 'ஒற்றைத் தலைவலி' என்பார்கள். வியாதிக்கு வீட்டில் புழங்குகிற பெயர் இல்லாவிட்டால் வியாதிக்காரன் தெருத் தெருவாக அலைய வேண்டியதுதான்.

இந்த மூட்டு வெறும் கதவுக் கீல் அல்ல. முதலில் கீல் மாதிரி திரும்பும். பிறகு மேஜை இழுப்பறை மாதிரி முன்னால் சறுக்கி வரும். எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே சிறிய வட்டு ஒன்று மெத்தைபோல் கிடந்து கூடவே நகரும். இடது மூட்டும் வலது மூட்டும் ஒரே எலும்பின் இரண்டு முனைகள். ஆகையால் ஒரே நுகத்தில் பூட்டிய ஜோடி எருதுகளைப்போல, ஒன்று நொண்டினால் மற்றது தன் பாட்டுக்குப் போக முடியாது. வாயைத் திறக்கும்போது சிலருக்குச் 'சொடக்' என்று சத்தம் கேட்கும். பெரும்பாலும் அந்த வட்டு இடம் விலகித் திரும்பச் சேருகிற சத்தம் அது. வலி இல்லை, வாயும் நன்றாகத் திறக்கிறது என்றால், சத்தத்துக்கு மட்டும் வைத்தியம் வேண்டியதில்லை என்பது இன்றைய டாக்டர்களின் அபிப்பிராயம்.

எனக்கு இதனோடு பரிச்சயம் ஏற்பட்டது ஒரு மார்கழி மாதத்தில். தொடர்கதை ஒன்றின் கடைசி அத்தியாயங்களை வாரா வாரம் பத்திரிகைக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். கதாநாயகியை என்ன செய்வது என்று எனக்கும் தெரியவில்லை, ஆசிரியருக்கும் தெரியவில்லை. ஒரு நாள் காலையில் எழுந்து பல் துலக்கப் போனால், வாயில் இரண்டு விரல்கூட நுழையவில்லை. செங்குத்தாக மூன்று விரல் நுழைய வேண்டும் என்பது கணக்கு. மில்லிமீட்டரில் சொன்னால் சுமார் 40.

எங்கள் ஊர்ப் பெயரை '15 வேலம்பாளையம்' என்று எண்ணோடு சேர்த்துத்தான் எழுதுவோம். 2011-இல் திருப்பூர் மாநகராட்சியோடு சேர்ந்த பிறகும் அந்தப் பதினைந்து எங்களை விட்டுப் போகவில்லை. பனியன் கம்பெனிகளுக்கு அடுத்தபடியாக இங்கே ஜாஸ்தியாக இருப்பவர்கள் வைத்தியர்கள். நான் சொல்வது பலகை மாட்டிய வைத்தியர்களை அல்ல. மளிகைக் கடைக்காரர் உப்பு ஒத்தடம் கொடுக்கச் சொன்னார். டீக்கடைக்காரர் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி எறியச் சொன்னார். மூன்றாம் வீட்டு ஆத்தா, யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று மிளகாய் சுற்றிப் போட்டாள். இவற்றில் ஒத்தடம் கொஞ்சம் கேட்டது. சூட்டுக்குத் தசை இளகும். அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. மிளகாய் நெடியில் தும்மியபோது வாய் அரை விரல் அதிகமாகத் திறந்தது என்பதையும் பதிவு செய்கிறேன்.

காது டாக்டர் காது சுத்தமாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார். அடுத்தவர் ஒரு பல் டாக்டர். வர்ணக் காகிதத்தைக் கடிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "உங்க கடி சரியில்லீங்க சார். மேல் வரிசையில நாலு பல்லைத் தேய்ச்சு மட்டம் பண்ணணும். அப்புறம் தேவைப்பட்டா ஆறு பல்லுக்கு உறை போட்டுக்கலாம்" என்றார்.

"தேய்த்ததை மறுபடியும் வளர்க்க முடியுமா டாக்டர்?" என்று கேட்டேன்.

"அது எப்படீங்க சார் முடியும்?"

"அப்படியானால் யோசித்துச் சொல்கிறேன்" என்று எழுந்து வந்துவிட்டேன்.

அன்று தற்செயலாக வாயில் வந்த கேள்விதான். ஆனால் பிறகு புத்தகங்களைப் புரட்டப் புரட்ட, இந்த வியாதியின் சரித்திரம் முழுவதையும் அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டே படித்துவிடலாம் என்று தோன்றியது.

அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் ஜேம்ஸ் காஸ்டன் என்று ஒரு காது மூக்கு டாக்டர் இருந்தார். 1934-இல் அவர் பதினொரு நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கடைவாய்ப் பற்கள் விழுந்துபோனதால் தாடை அளவுக்கு மேல் மூடி, காதையும் நரம்பையும் அழுத்துகிறது. அதனால்தான் காதிரைச்சல், தலைவலி எல்லாம் என்பது அவர் கட்சி. அவர் சொன்ன உடற்கூறு சரியல்ல என்று பின்னால் வந்தவர்கள் காட்டிவிட்டார்கள். ஆனால் அதற்குள் வியாதி பல் டாக்டர்களின் கைக்குப் போய்விட்டது. கடியை உயர்த்துவது, தாழ்த்துவது, தேய்ப்பது, பூசுவது என்று ஆயிரக்கணக்கான வாய்களில் தச்சு வேலை ஆரம்பமாயிற்று.

பலருக்கு அதனால் குணமும் ஆயிற்று. சுவாரசியமே இங்கேதான் இருக்கிறது. 1976-இல் சிகாகோவில் ஒரு பரீட்சை செய்தார்கள். தாடை வலிக்காரர்கள் 25 பேரை நாற்காலியில் உட்காரவைத்து, கருவியை ஓடவிட்டு, பல்லைத் தேய்ப்பதுபோல் பாவனை மட்டும் செய்து அனுப்பினார்கள். ஒரு பல்லின் கடியும் மாறவில்லை. அவர்களில் 16 பேர், வலி முழுவதும் போய்விட்டது அல்லது ஏறக்குறையப் போய்விட்டது என்று சொன்னார்கள்! 'அப்படியானால் அந்தப் பதினாறு பேருக்கும் வலியே இல்லை, பாசாங்கு' என்று சொல்லத் தோன்றுகிறதா? அவசரப்பட வேண்டாம். அந்தச் சங்கதிக்குப் பிறகு வருகிறேன்.

பல்லைத் தேய்த்தவர்களாவது பல்லோடு நிறுத்திக்கொண்டார்கள். 1980-களில் மூட்டுக்குள்ளேயே போய், கிழிந்த வட்டை எடுத்துவிட்டு, டெஃப்ளான் கலந்த செயற்கை வட்டை வைத்துத் தைத்தார்கள். எங்கள் பக்கத்து அனுப்பர்பாளையம் பாத்திரக் கடைகளில் தோசை ஒட்டாத கல் என்று விற்கிறார்களே, அதன்மேல் பூசுகிற அதே வஸ்து. தோசைக்குச் சரிதான். ஆனால் மனிதன் ஒரு நாளைக்கு எத்தனை தரம் மெல்லுகிறான், பேசுகிறான், விழுங்குகிறான்! வட்டு தேய்ந்து துகள் துகளாக உதிர்ந்தது. அந்தத் துகளோடு உடம்பு போர் தொடுத்து, பக்கத்து எலும்பையே அரித்துவிட்டது. 1990, 91-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரித்து அவற்றைத் திரும்பப் பெற வைத்தது. செய்த கம்பெனி திவாலாகிவிட்டது. நோயாளிகள் திவாலாகிப் பிழைக்க முடியாதே! அவர்களில் பலர் மறுபடி மறுபடி கத்தியின் கீழ் படுத்தார்கள்.

கத்தியே கூடாது என்று நான் சொல்வதாக எண்ணிவிடக் கூடாது. குழந்தைப் பருவத்தில் மோவாய் அடிபட விழுந்து, மூட்டு எலும்போடு எலும்பாக ஒட்டிப்போனவர்கள் நம் நாட்டில் உண்டு. அவர்களுக்கு ஆபரேஷன்தான் வழி. தாடை வலி என்று வருகிற நூறு பேரையும் அந்த மேஜைக்கு இழுப்பதுதான் ஆகாது.

தாடை நழுவிப் போவது வேறு வியாதி. பெரிதாகக் கொட்டாவி விட்டவர் வாயை மூட முடியாமல் நிற்பார். இதற்கு மட்டும் உலகம் பூராவும் பழைய வைத்தியமே இன்னும் நிற்கிறது. சுமார் 3,600 வருஷத்துக்கு முந்தைய எகிப்து ஏடு ஒன்று, கட்டைவிரல்களை வாய்க்குள் விட்டு, மற்ற விரல்களை மோவாய்க்கு அடியில் கொடுத்து, தாடையைப் பின்னால் தள்ளி உட்காரவைக்கச் சொல்கிறது. இன்று ஆஸ்பத்திரியில் செய்வதும் கிட்டத்தட்ட அதேதான். நம் சுசுருதரும் வேது பிடித்து, எலும்பை இடத்தில் சேர்த்து, 'பஞ்சாங்கி' என்ற கட்டைப் போடச் சொல்லியிருக்கிறார். 'ஹனு' என்றால் தாடை. இந்திரனின் வஜ்ராயுதம் பட்டுத் தாடை உடைந்ததால்தான் ஆஞ்சநேயருக்கு அனுமார் என்று பெயர் வந்தது என்பது புராணம். தாடை உடைந்த சாமியைப் பார்த்துப் பார்த்து, மிளகு போட்ட கெட்டி வடையாகக் கோத்து மாலை போடுகிறோமே என்று மார்கழியில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த எனக்குத் தோன்றியது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊருக்கு வடக்கேயிருந்து பிழைக்க வந்த இளைஞர்களில் சிலருக்கும், நம் ஊர்க்காரர்களில் சிலருக்கும், வாய் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டே போகிறது. காரம் பட்டால் எரிகிறது. கன்னத்தின் உட்புறம் வெளுத்துத் தோல் வார்போல் விறைக்கிறது. இது மூட்டுக் கோளாறு அல்ல; பாக்கு செய்கிற வேலை. 2013-இல் தமிழ்நாட்டில் குட்காவுக்கும் பான் மசாலாவுக்கும் தடை போட்டார்கள். பொட்டலம் கிடைக்காமல் போய்விடவில்லை. இதை அலட்சியமாக விட்டால் புற்றுநோயில் கொண்டுபோய் விடலாம். படி ஏறினால் தாடை வலிக்கிறது, உட்கார்ந்தால் நின்றுவிடுகிறது என்பவர்களும் தாடை டாக்டரைத் தேடாமல் இருதய டாக்டரிடம் போவது நல்லது.

இனி எங்கள் தெருவில் இருக்கும் ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். பதினைந்து வருஷ அனுபவம். சரக்கு ஏற்றுமதி நெருக்கடி என்றால் ஒன்றரை ஷிப்டு. காலை எட்டரைக்கு மிஷினில் உட்கார்ந்தால் இரவு எட்டரைக்குத்தான் எழுந்திருப்பாள். மகள் காலேஜில் படிக்கிறாள். செவ்வாய்க்கிழமை தோறும் குழுக் கடனுக்குத் தவணை கட்ட வேண்டும்.

எனக்குத் தாடை இளக ஆரம்பித்த சமயத்தில் அவளுக்கு இறுகிவிட்டது. இரண்டு நல்ல பற்களைப் பிடுங்கினார்கள், வலி போகவில்லை. காதுக்குச் சொட்டு மருந்து, வலி மாத்திரை, பிறகு மாத்திரையால் வயிற்றெரிச்சல், அதற்கு ஒரு மாத்திரை. கடைசியில் ஸ்கேன். அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்த டாக்டர் ஒருவர், "ஒண்ணுமில்லம்மா, எல்லாம் மனசுதான். போய் நிம்மதியா இரு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அன்று சாயங்காலம் என் மனைவியிடம் அழுதுகொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"ஏனுங்கண்ணா, நீங்க படிச்சவங்க. சொல்லுங்க. எனக்கு வலிக்கிறது பொய்யுங்களா?"

அவளுடைய மாமியார் அந்த வார்த்தையை ஏற்கெனவே பிடித்துக்கொண்டு விட்டாள். 'டாக்டரே சொல்லிப்போட்டாரு, ஒண்ணுமில்லைன்னு. வேலைக்குப் போக உடம்பு வளையலை' என்று வாசலில் நின்று சொல்லியாயிற்று. இவள் சோற்றைக் கரைத்து ஒரு மணி நேரம் குடிக்க வேண்டியிருப்பதால், எல்லாரும் தூங்கிய பிறகு தனியாகச் சாப்பிட ஆரம்பித்திருந்தாள். கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். பேச்சு குறைந்தது, சிரிப்பு நின்றது. வலியை விட, வலியை ஒருவரும் நம்பவில்லை என்பது அவளைத் தின்றுகொண்டிருந்தது.

சிகாகோ பதினாறு பேருக்கு இப்போது வருகிறேன். மனசு என்பது தாடைக்குச் சம்பந்தமில்லாத ஏதோ ஒரு மாயம் அல்ல. உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு பல்லைக் கடித்துப் பாருங்கள். கை அடியில் ஒரு தசை புடைக்கும். கோபத்தில் அது புடைக்கும், பயத்தில் புடைக்கும், தூக்கத்திலும் புடைக்கும். மணிக்கணக்கில் புடைத்தபடியே இருந்தால், மூட்டை தூக்கிய தோளைப் போல அதுவும் வலிக்கும். அந்தப் பதினாறு பேரும் ஒரு டாக்டர் கவனிக்கிறார் என்று அறிந்ததும் அந்தத் தசையைக் கொஞ்சம் தளரவிட்டிருப்பார்கள் என்று நான் எண்ணுகிறேன். வலி நிஜமானதனால்தான் தளர்ந்ததும் குறைந்தது. டேனியல் லாஸ்கின் என்ற அமெரிக்க டாக்டர் மனக் கவலைக்கும் இந்தத் தசைக்கும் உள்ள சம்பந்தத்தை 1969-லேயே எழுதினார். பிறகு அதே நாட்டில், தாடை வலி இல்லாத ஏறத்தாழ 2,700 பேரைச் சில வருஷங்கள் பின்தொடர்ந்து பார்த்து 2013-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். உடம்பில் வேறு உபாதைகள் பல உள்ளவர்கள், தூக்கம் கெட்டவர்கள், மன உளைச்சல் உள்ளவர்கள் ஆகியோருக்குத் தாடை வலி புதிதாக வருவது அதிகம் என்று தெரிந்தது. வலி வந்தபின் தூக்கமும் மனசும் இன்னும் கெடும் என்பதற்கு ஆராய்ச்சி வேண்டியதில்லை. எங்கள் தெருவுக்கு வந்தால் போதும்.

'மனசுதான்' என்று சொன்ன டாக்டர் பாதி உண்மையைச் சொன்னார். ஆனால் எலும்பு முறிந்தவனிடம் 'எலும்புதான்' என்று சொல்லி யாரும் வீட்டுக்கு அனுப்புவதில்லை. மனசு என்று கண்டுபிடித்தால் அங்கே வைத்தியம் ஆரம்பமாக வேண்டும். இங்கே அதோடு முடிந்துவிடுகிறது.

2023 டிசம்பரில் பிரிட்டிஷ் மருத்துவப் பத்திரிகை ஒன்றில், பல நாட்டு நிபுணர்களும் நோயாளிகளும் சேர்ந்து, நாட்பட்ட தாடை வலிக்கான வைத்தியங்களை எல்லாம் ஒப்பிட்டு யோசனை சொன்னார்கள். அவர்கள் உறுதியாகச் சிபாரிசு செய்தவை கேட்பதற்கு மிகச் சாதாரணமானவை: நினைப்பையும் நடத்தையையும் பழக்கி மாற்றுகிற ஆலோசனைப் பயிற்சி, கை பழகினவர் தாடையையும் தசை முடிச்சுகளையும் இளக்கிவிடுவது, தாடைக்கும் கழுத்துக்கும் தேகப் பயிற்சி, வியாதியை விளக்கிச் சொல்லித் தைரியம் கொடுப்பது. வட்டை வெட்டி எடுப்பதும், கடியை நிரந்தரமாக மாற்றும் சாதனங்களும் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். ஊசிகளையும், இரவில் பல்லுக்கு மாட்டும் அச்சையும் முதலில் நாட வேண்டாம் என்று கொஞ்சம் மிருதுவாகச் சொன்னார்கள். அச்சு விஷயத்தில் மட்டும் எனக்குச் சற்றுப் பக்ஷபாதம் உண்டு. நானும் ஒன்று செய்துகொண்டேன். வலியை அது எவ்வளவு குறைத்தது என்று சொல்ல முடியாது. காலையில் பாதி நாள் தலையணைக்கு அடியில்தான் கிடக்கும். ஆனால் தூக்கத்தில் பல் தேய்வதை அது தடுக்கிறது, வேண்டாம் என்றால் கழற்றி வைத்துவிடலாம். என் பழைய கேள்விக்கு அது பதில் சொல்லிவிடுகிறது.

அவளை ஒரு பிஸியோதெரபி பெண்ணிடம் அழைத்துப் போனோம். சின்ன வயசுப் பெண். ஸ்கேனை ஓரமாக வைத்துவிட்டு, "அக்கா, மிஷின்ல தைக்கிறப்போ உங்க பல்லு என்ன பண்ணுது?" என்று கேட்டாள். அத்தனை நாளில் யாரும் கேட்காத கேள்வி. இவள் கண்ணை மூடி, தைப்பது போலக் கைகளை நகர்த்திப் பார்த்தாள். கைப்பகுதி வளைவு வந்ததும் கன்னத்தில் தசை புடைத்தது. எனக்கே தெரிந்தது.

"எனக்கே தெரியாதுங் கண்ணு, இப்படிக் கடிக்கிறேன்னு" என்றாள் இவள். நூல் பிசிறைப் பல்லால் கடித்து அறுக்கிற பழக்கமும் உண்டாம்.

சாப்பிடும்போதும் விழுங்கும்போதும் தவிர மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொட வேண்டிய வேலையே இல்லை. உதடு சேர்ந்திருக்கலாம், பல் பிரிந்திருக்க வேண்டும் என்று அந்தப் பெண் சொன்னபோது நாங்கள் மூன்று பேரும் ஒரே சமயத்தில் பல்லைப் பிரித்தோம். நாக்கு நுனியை மேலண்ணத்தில் வைத்தபடி வாயை மெல்லத் திறந்து மூடும் பயிற்சி, கன்னத்தைப் பிடித்துவிடும் முறை, பிசிறுக்குக் கத்தரிக்கோல். அவ்வளவுதான் அன்றைய வைத்தியம்.

மன வைத்தியத்துக்குத்தான் அவள் இரண்டு வாரம் சம்மதிக்கவில்லை. "பைத்தியக்கார டாக்டர்கிட்டயா அண்ணா? தெருவுல என்ன பேசுவாங்க?" என்றாள்.

"அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் தூக்கம் வராதவர்கள் அம்மணி. அக்காவையும் கூட்டிக்கொண்டு போ" என்றேன். என் மனைவி துணைக்குப் போனாள். அரசாங்க ஆஸ்பத்திரி, சீட்டுக்குக் காசு இல்லை. 2022 முதல் 14416 என்ற எண்ணில் அரசாங்கம் இலவசமாக மனநல ஆலோசனை சொல்லுகிறது. ஆஸ்பத்திரிக்கு நாள் தவறினால் அவள் அதையும் கூப்பிட்டுப் பேசியிருக்கிறாள். அங்கே அவளை ஒரு நோட்டுப் புத்தகம் போடச் சொன்னார்கள். வலி எப்போது, எவ்வளவு, அப்போது என்ன நினைத்தாள் என்று எழுத வேண்டும். ஆறாவது வாரம் அதைப் பார்த்தால், ஒன்றரை ஷிப்டு நாட்களைவிடத் திங்கள் இரவில்தான் வலி உச்சம். மறுநாள் குழுக்காரர் வருவார். 'வாய் ஒரேயடியாகப் பூட்டிக்கொண்டு விட்டால் தவணையை யார் கட்டுவது?' என்ற நினைப்பு, அந்த நினைப்பில் பல் கடிக்கும், கடித்ததில் வலிக்கும், வலித்ததும் 'பூட்டிக்கொள்ளப் போகிறது' என்ற பயம் இன்னும் பெரிதாகும். இந்தச் சங்கிலியை எந்தக் கண்ணியில் அறுக்கலாம் என்று கற்றுக் கொடுப்பதுதான் அந்தப் பயிற்சி. கடனை அவர்கள் தீர்க்கவில்லை. கடன் இன்னும் இருக்கிறது.

வலியும் பூராவும் போய்விடவில்லை. மழைக்காலத்தில் வருகிறது, மகளுக்குப் பரீட்சை என்றால் வருகிறது. ஆனால் மூன்று விரல் நுழைகிறது. பிடுங்கின இரண்டு பல் பிடுங்கினதுதான். சென்ற ஆவணியில் ஒரு கல்யாணப் பந்தியில் அவள் மாமியாருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அப்பளம் தின்றதை நானே பார்த்தேன். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. தன் இலையிலிருந்த அப்பளத்தையும் எடுத்து அவள் இலையில் வைத்தாள்.

மிஷினில் உட்கார்ந்தால் பல்லைப் பிரிக்க வேண்டும் என்பது மறந்து போகிறது என்று அவள் சொன்னதற்கு, கண்ணில் படுகிற இடத்தில் ஏதாவது அடையாளம் வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தாள் அந்தப் பிஸியோதெரபி பெண். இவள் தன் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து ஊசிக்கு மேலே, மிஷின் தலையில் ஒட்டிவிட்டாள். அது எதற்கு என்று அடுத்த மிஷின்காரி கேட்க, இவள் சொல்ல, அவளும் தன் பொட்டை எடுத்து ஒட்டினாளாம். இப்போது அந்த வரிசையில் ஏழெட்டு மிஷின்கள் பொட்டு வைத்துக்கொண்டிருக்கின்றன. சூப்பர்வைசர் வந்து பார்த்துவிட்டு, ஆயுத பூஜைக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்றாராம்.